‘யாருப்பா ஜெயிச்சது?’ - போரைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நான்கு நாட்கள் சண்டை நடந்தது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அது வீட்டுக்குள் வந்ததே ஐபிஎல் வழியாகத்தான். மே 8 அன்று தரம்சாலாவில் ஆட்டம் பாதியில் நின்றது. மறுநாள் தொடரையே நிறுத்திவைத்தார்கள். “மறுபடியும் மேட்ச் எப்பப்பா?” என்று கேட்ட பிள்ளை, அடுத்ததாகக் கேட்டது: “சண்டையில யாருப்பா ஜெயிச்சது?”

அந்தக் கேள்வியில் பிள்ளையின் தப்பு எதுவுமில்லை. டிவியில் இரண்டு நாடுகளின் கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, கீழே எண்களை ஓடவிட்டால், அது ஸ்கோர்போர்டு மாதிரிதானே தெரியும்? செல்போனில் வரும் ரீல்ஸில் ஏவுகணை பறக்கிறது, பின்னணியில் சினிமாப் பாட்டு. வீடியோ கேமில் சுடப்பட்டவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வருகிறான். இதையெல்லாம் பார்த்து வளரும் பத்து வயதுப் பிள்ளைக்குப் போர் என்றால் சத்தம், வெளிச்சம், வெற்றி. அவ்வளவுதான்.

அதே நாட்களில் ஜம்மு-காஷ்மீரின் பூஞ்ச் நகரில், எல்லைக்கு அப்பாலிருந்து வந்து விழுந்த குண்டில் 12 வயது இரட்டைப் பிள்ளைகள் இறந்துபோனார்கள். ஒரு பையன், ஒரு பெண். நம்ம வீட்டுப் பிள்ளைகளின் வயதுதான். அதை எத்தனை வீடுகளில் பிள்ளைகளிடம் சொல்லியிருப்போம்?

சொல்வதா வேண்டாமா என்ற தயக்கம் எல்லாப் பெற்றோருக்கும் உண்டு. சிலர் “உனக்கு எதுக்குடா அதெல்லாம், போய்ப் படி” என்று சேனலை மாற்றிவிடுகிறார்கள். சிலர் செய்தி சேனலை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, பிள்ளையும் கூடவே உட்கார்ந்து பார்ப்பதைக் கவனிப்பதே இல்லை. முதல் வீட்டுப் பிள்ளை மூடிய கதவுக்குப் பின்னால் தானாகக் கற்பனை செய்து பயப்படுகிறது. இரண்டாவது வீட்டுப் பிள்ளைக்குச் சில நாளில் எதைப் பார்த்தாலும் உறைப்பதில்லை. இரண்டிலுமே பிள்ளைக்குக் கிடைக்காமல் போவது ஒன்றுதான்: போரில் மாட்டிக்கொண்டவர் தன்னைப் போன்ற ஒரு ஆள் என்ற எண்ணம்.

இதைச் சொல்லிக்கொடுக்க உலக வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை. திருவண்ணாமலையில் இருப்பவர்கள் ரமணாசிரமம் வாசலில் தொடங்கி, கிரிவலப் பாதையிலேயே நடந்தால் போதும்.

ஆசிரமத்துப் பிள்ளைகளின் அப்பா

செங்கம் சாலையில் ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்களைப் பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை சீசன் என்போம். வாடகை ஏறும், சைக்கிளும் ஸ்கூட்டரும் கிடைக்காது. ஆனால் 80 வருடங்களுக்கு முன்பு, சீசனுக்கு வராமல் போர் கொண்டுவந்து சேர்த்த ஒரு குடும்பம் இங்கே வாழ்ந்தது.

ஆர்தர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேயர். பகவான் ரமணரின் வரலாற்றை எழுதியவர், ஆசிரமத்தின் ‘தி மவுண்டன் பாத்’ இதழை 1964-ல் தொடங்கியவர் என்று பலருக்குத் தெரியும். அதற்கு முன்பு அவர் பாங்காக்கில் பல்கலைக்கழக ஆசிரியர். 1941-ல் மனைவி, மூன்று பிள்ளைகளை இந்தியாவில் விட்டுவிட்டு வேலைக்காக அவர் மட்டும் பாங்காக் திரும்பினார். அந்த டிசம்பரிலேயே ஜப்பானியப் படை தாய்லாந்துக்குள் நுழைந்தது. ஆங்கிலேயர் என்பதால் அவரைப் பிடித்துத் தடுப்பு முகாமில் போட்டார்கள். போர் முடிந்த 1945-ல்தான் வெளியே வந்தார்.

அந்த வருடங்களில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். மகன் ஆடமுக்கு அப்பாவைப் பிரியும்போது இரண்டு வயது, திரும்பிப் பார்க்கும்போது ஆறு வயது. அப்பாவைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரும்படி அந்தச் சிறுவன் பகவானிடம் வேண்டிக்கொண்டதை ஆசிரம நூல்கள் சொல்கின்றன. அந்த ஆடம் ஆஸ்போர்ன்தான் பிற்காலத்தில் அமெரிக்காவில், தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டரை 1981-ல் முதன்முதலாக வெற்றிகரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்.

இரண்டாம் உலகப் போரைப் பற்றி நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். 1939 முதல் 1945 வரை, நேச நாடுகள், அச்சு நாடுகள், காரணங்கள், விளைவுகள், ஐந்து மதிப்பெண். அதே பிள்ளையிடம், “இந்த ஆசிரமத்துல உன்னை மாதிரி ஒரு பையன் இருந்தான். நாலு வருஷம் அவங்க அப்பா எங்க மாட்டிக்கிட்டாருன்னு தவிச்சுக்கிட்டே இருந்தான்” என்று சொல்லிப் பாருங்கள். “அப்புறம் அவங்க அப்பா வந்தாரா?” என்று கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. யார் ஜெயித்தார்கள் என்பதை விட்டு, யார் வீடு திரும்பினார்கள் என்று யோசிக்கத் தொடங்கிவிட்டது.

அங்கேயே நிறுத்தவும் கூடாது. ஆஸ்போர்ன் திரும்பி வந்தார். அதே காலத்தில், அதே தாய்லாந்தில், சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர்கள் மலேயாத் தோட்டங்களில் இருந்து கூட்டம் கூட்டமாகத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளம், காடு, காலரா, பசி. ஆயிரக்கணக்கான தமிழர்கள் திரும்பவே இல்லை. அவர்களுடைய பிள்ளைகளும் அப்பாவுக்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.

பெயர் என்பது பெரிய விஷயம். ஆசிரமத்துக்குள் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும்கூட இருக்கிறது. கூட்டிக்கொண்டு போகிற பிள்ளைகள் தவறாமல் கேட்பார்கள், “மாட்டுக்கு எதுக்கு சமாதி?” நல்ல கேள்வி. “அதுவும் ஒரு உயிர்தானே, அதுக்கும் பேர் இருந்ததே” என்ற பதில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். செய்தியில் ‘50 பேர் பலி’ என்று வரும்போது, அந்த ஐம்பது பேருக்கும் பெயர் உண்டு என்பதை அந்தப் பிள்ளைக்கு இனி தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடி அண்ணாமலையில் இருக்கும் போர்

ஆசிரமத்தில் இருந்து கிரிவலப் பாதையிலேயே போனால் அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேசுவரர் கோயிலைத் தெரியாதவர் இல்லை. அங்கே பல பத்தாண்டுகளாக இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பதைப் பௌர்ணமிதோறும் சுற்றிவரும் லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தொடங்கி, 1990, 1995, 2006 என்று சண்டை மூளும்போதெல்லாம் கடல் தாண்டி வந்தவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர். பலர் திரும்பிப்போனார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58 ஆயிரம் பேர் வரை தங்கிவிட்டார்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. 7,469 புதிய வீடுகள் கட்டும் திட்டத்தையும் அறிவித்தது. மாத உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறு பிள்ளைகளுக்கு 500 என்று உயர்ந்தது.

இந்த முகாம்களில் இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இலங்கையைப் பார்த்ததே இல்லை. அவர்களுடைய அப்பா, அம்மாவில் பலர்கூட இங்கே பிறந்தவர்கள்தான். நம் பிள்ளைகளோடு ஒரே அரசுப் பள்ளியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரே தமிழ், ஒரே சத்துணவு, ஒரே தீபத் திருவிழா. ஆனால் 18 வயது ஆனதும் பக்கத்து பெஞ்ச் பையன் ஓட்டுப் போடப் போவான், பாஸ்போர்ட் எடுப்பான், அரசு வேலைக்கு விண்ணப்பம் போடுவான். இவன் போட முடியாது. குடியுரிமை இல்லை. இந்தியாவில் பிறந்திருந்தாலும், 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரின் குடியுரிமையும் சேர்த்துப் பார்க்கப்படும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. 2015 ஜனவரி 9-க்கு முன்பு வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, உரிய பயண ஆவணம் இல்லாததற்கான தண்டனையில் இருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அது நல்ல செய்திதான். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, நீ இந்த நாட்டுக்காரன் என்பது வேறு.

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், தனக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். பிறந்த தேதியின்படி அவர் இந்தியர்தான் என்று 2022-ல் தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் முதல்முறையாக ஓட்டுப் போட்டபோது அவருக்கு வயது 38. 1987 ஜூலை 1-க்குப் பிறகு பிறந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும்.

போரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது நாம் சொல்லாமல் விடுவது இதைத்தான். இலங்கைப் போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது என்று தேதி சொல்கிறோம். துப்பாக்கிச் சத்தம் அன்றைக்கு நின்றது உண்மை. ஆனால் கிரிவலப் பாதையில் வசிக்கும் ஒரு பத்து வயதுச் சிறுமி, தான் பார்க்காத ஒரு போருக்காக இன்னமும் மாதாமாதம் கணக்கெடுப்பில் பெயர் கொடுக்க வேண்டிய குடும்பத்தில் வாழ்கிறாள். போர் முடிந்த தேதியைவிட, அது இன்னும் முடியாத வீட்டைப் பிள்ளைக்குத் தெரியப்படுத்துவதுதான் முக்கியம் என்பேன். அப்போதுதான் போர் என்பது நான்கு நாள் செய்தி இல்லை, மூன்று தலைமுறை வாழ்க்கை என்பது விளங்கும்.

தெரிந்த கூட்டம், தெரியாத இரவு

பிள்ளைகளுக்கு ‘இடப்பெயர்வு’ என்ற சொல் புரியாது. கார்த்திகை தீபத்துக்கு வரும் கூட்டம் புரியும். அப்பாவின் கையை விட்டால் தொலைந்துவிடுவோம் என்ற பயம் அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது. “கையை விடாத, விடாத” என்று அம்மா சொல்லிக்கொண்டே வருவது காதில் இருக்கிறது.

1995 அக்டோபர் 30. யாழ்ப்பாணத்தை ராணுவம் நெருங்கியபோது, எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று விடுதலைப்புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒரே இரவில், கொட்டும் மழையில், லட்சக்கணக்கான பேர் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். குழந்தைகள், கர்ப்பிணிகள், சைக்கிளில் உட்காரவைத்த தாத்தா பாட்டிகள். நம் பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாம்: “தீபத்துக்கு வர்ற கூட்டத்தை நெனச்சுக்கோ. ஆனா சாப்பாடு குடுக்குற பந்தல் இல்ல, தண்ணி இல்ல, லைட் இல்ல. விடிஞ்சதும் வீட்டுக்குப் போகவும் முடியாது. உன்னால ஒரு பை மட்டும்தான் தூக்க முடியும். அதுல என்ன வச்சுப்ப?”

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை யோசிக்கட்டும். ஒருத்தி பொம்மை என்பாள். ஒருவன் செல்போன் என்பான், பிறகு சார்ஜ் போட முடியாதே என்பான். “நாய்க்குட்டியை எப்படித் தூக்குறது?” என்று ஒருவன் கேட்பான். போர் என்ன செய்யும் என்பதை அந்தப் பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் சொற்பொழிவு ஆற்ற வேண்டியதில்லை.

அந்த மக்கள் நடந்துபோன வழியில்தான் செம்மணி இருக்கிறது. அங்கே சித்துப்பாத்தி மயானத்தில் 2025-ல் நீதிமன்ற உத்தரவின்படி தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதில் ஒரு சிறு குழந்தையின் எலும்புக்கூடோடு நீல நிறப் பள்ளிப் பையும் பொம்மையும் இருந்தன. அந்தக் குழந்தைக்கு இப்போதைக்கு ஒரு எண்தான் இருக்கிறது. இது சின்னப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லலாம், படம் காட்டாமல். பள்ளிப் பை என்ற ஒரு சொல் போதும்.

பரிதாபம் வேண்டாம்

இங்கே ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு, “சரி, அடுத்த சனிக்கிழமை பிள்ளைங்களை வேன்ல ஏத்தி முகாமுக்குக் கூட்டிட்டுப் போய் பிஸ்கட் குடுத்து போட்டோ எடுப்போம்” என்று எந்தப் பள்ளியும் கிளம்பிவிடக் கூடாது. அங்கே இருப்பவர்கள் காட்சிப் பொருள் இல்லை. “உங்க வீட்ல யாரு செத்தாங்க?” என்று ஒரு பிள்ளையிடம் இன்னொரு பிள்ளை கேட்பதுபோல வகுப்பை நடத்துவது, புண்ணைக் கிளறுவதுதான். ‘முகாம் பசங்க’ என்று தனியாக எழுப்பி நிற்கவைப்பதும் அப்படியே.

அடுத்தவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது வேறு, ஐயோ பாவம் என்பது வேறு. ஐயோ பாவம் என்று சொல்லும்போது நாம் மேலே நிற்கிறோம். முகாமில் இருந்து வரும் பிள்ளை கபடியில் கெட்டிக்காரனாக இருக்கலாம், கணக்கில் முதலாவதாக வரலாம். அவனை முதலில் அந்தக் கபடிக்காரனாகத்தான் நம் பிள்ளை அறிய வேண்டும். அவன் கதையை அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் அது அவன் உரிமை.

ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா தினத்தன்று பல பள்ளிகளில் காகிதக் கொக்கு செய்கிறார்கள். குண்டு விழுந்தபோது இரண்டு வயதாக இருந்து, 1955-ல் ரத்தப் புற்றுநோயால் 12 வயதில் இறந்த சடாகோ சசாகியின் கதையைச் சொல்கிறார்கள். நல்ல பழக்கம்தான், நிறுத்த வேண்டாம். ஆனால் ஜப்பானியச் சிறுமிக்காகக் கொக்கு மடிக்கும் அதே வகுப்பில், அடி அண்ணாமலையில் இருந்து வரும் மாணவியைப் பற்றி ஆசிரியருக்கே ஒன்றும் தெரியாது என்றால் அது எப்படி? தூரத்தில் இருப்பவர்களுக்காக இரங்குவது சுலபம். அவர்கள் நம்மிடம் எதுவும் கேட்கப்போவதில்லை.

வயதுக்கு ஏற்ற பேச்சு

ஏழு வயதுக்குக் கீழே என்றால், போர்க் காட்சிகளே வேண்டாம். பிள்ளை தானாகக் கேட்டால் இரண்டு வரியில் உண்மையைச் சொல்லுங்கள். “பெரியவங்க பேசித் தீர்க்காம சண்டை போடுறாங்க. அதுல நிறைய பேருக்கு அடிபடுது. நாம இங்க பத்திரமா இருக்கோம்.” பிள்ளையின் முதல் கவலை தன் அப்பா, அம்மாவைப் பற்றித்தான். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பிறகு அடுத்தவரைப் பற்றி யோசிக்கும்.

எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை கதைக்கான வயது. ஆசிரமத்துச் சிறுவனின் அப்பா கதை, நாவற்குழி இரவு, ஒரு பைக் கேள்வி எல்லாம் இவர்களுக்குத்தான். ஒரு நேரத்தில் ஒரு ஆளைப் பற்றி மட்டும் பேசுங்கள். எண்களை அடுக்கினால் பிள்ளை மறந்துவிடும்.

பதின்மூன்றுக்கு மேல் என்றால், விஷயத்தை மறைக்கவும் முடியாது, எளிமையாக்கவும் கூடாது. ஏன் சண்டை வந்தது, யார் லாபம் அடைந்தார்கள், யாருக்குச் சட்டம் உதவவில்லை என்று அவர்களே கேட்பார்கள். ரீல்ஸைப் பிடுங்குவதைவிட, கூட உட்கார்ந்து பார்த்து, “இந்த வீடியோ எந்த ஊர்ல எடுத்தது? இதுல யாரைக் காட்டல?” என்று கேட்பது பலன் தரும். வீடியோ கேம் காட்சியைப் போர்க் காட்சி என்று பரப்பிவிடும் ஏமாற்றையும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

“அப்போ நாட்டுப்பற்று?”

இப்படிப் பேசினால் பிள்ளைக்கு நாட்டுப்பற்று போய்விடாதா என்று சிலர் கேட்கலாம். நம்முடையது பழைய வட ஆர்க்காடு மண். வேலூர் பக்கத்தில் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர். மகனை எல்லைக்கு அனுப்பிவிட்டுச் செய்தி ஓடும்போது போனையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் இந்தப் பகுதியில் நிறைய. அவர்களில் ஒருவரிடம் போய் “போர் வரட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். ராணுவ வீரனை மதிப்பது என்றால் அவன் வீடு திரும்ப வேண்டும் என்று நினைப்பது. போரை வேடிக்கையாகப் பார்க்கும் பிள்ளைக்கு அந்த அம்மாவின் நெஞ்சு புரியாது.

இன்னொரு கேள்வியும் வரும்: இலங்கைக் கதையைச் சொன்னால் வெறுப்பை வளர்ப்பதாக ஆகாதா? பாதிக் கதையைச் சொன்னால் ஆகும். முழுதாகச் சொல்ல வேண்டும். 1981-ல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தையும் அதில் போன சுமார் 97 ஆயிரம் நூல்களையும் சொல்லும்போது, 1990 அக்டோபரில் வடக்கில் இருந்து விடுதலைப்புலிகள் வெளியேற்றிய சுமார் 70 ஆயிரம் முஸ்லிம்களையும் சொல்ல வேண்டும். புலிகள் படையில் சேர்த்த சிறுவர்களையும், குண்டுவெடிப்புகளில் இறந்த சிங்களக் குழந்தைகளையும் சொல்ல வேண்டும். நம்மவர் வலிக்கு மட்டும் அழக் கற்றுக்கொண்ட பிள்ளை, அடுத்த சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

ஒரு வகுப்பு நேரம்

ஜூன் 20 உலக அகதிகள் தினம். நம் பள்ளிகள் திறந்து சில நாட்களில் வரும். திருவண்ணாமலைப் பள்ளிகள் அன்று ஒரே ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கினால் போதும். பேச்சுப் போட்டி வேண்டாம், சுவரொட்டி வேண்டாம். ‘ஒரு பையில் என்ன எடுத்துப்போவாய்?’ என்ற கேள்வியை எழுதிப்போட்டு, பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். மேல் வகுப்பு என்றால் இன்னொரு கேள்வி: ‘இங்கேயே பிறந்து இங்கேயே படித்த ஒருவர் இந்த நாட்டுக்காரர் ஆக என்ன வேண்டும்?’ அதற்குப் பதில் எழுதும் பிள்ளைகள் இன்னும் சில வருடங்களில் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுப் போட முடியாத நண்பன் ஒருவன் பக்கத்து பெஞ்சில் இருந்தான் என்பது அப்போது அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சட்டம் மாற வேண்டியது டெல்லியில். ஆனால் அதை மாற்றக் கேட்கும் குரல் ஒரு வகுப்பறையில் இருந்துதான் வர வேண்டும். அந்த வகுப்பறை கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது.